திருகோணமலையில் குழு உடற்பயிற்சி வகுப்பில் சேர இருப்பவர்களின் கவனத்திற்கு

கடந்த ஜூன் மாதம் திருகோணமலையில் நடைபெறும் ஒரு குழு உடற்பயிற்சித் திட்டத்தில் 27,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். பத்தாம் நாள் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் கிடந்தேன். அதே குழுவினர் மறுபடியும் ஆட்களைச் சேர்ப்பதால், எனக்கு நடந்ததை ஒளிவுமறைவின்றி இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது 46. ஆறு வருடங்களாக நீரிழிவு இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏவன்சி பரிசோதனை ஏப்ரலில் 8.4 வீதம் என்று கூடுதலாக வந்தபோது, நிறையைக் குறைத்து நாளாந்தம் நடக்கத் தொடங்குமாறு கிளினிக்கில் வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார். தனியாக நடக்கத் தொடங்கி இரண்டு வாரத்தில் விட்டுவிடுவது என் வழக்கமாகிவிட்டிருந்ததால், நாலு பேரோடு சேர்ந்தால் தொடர்ந்து செய்வேன் என்று நினைத்தேன். அந்த நினைப்புத் தவறல்ல என்றே இன்றும் நம்புகிறேன்.

சேரும் நாளில் கொடுத்த படிவத்தில் பெயர், தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், ரீசேட் அளவு ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். என்ன வருத்தம் உண்டு, என்ன மருந்து எடுக்கிறீர்கள், முழங்காலிலோ நெஞ்சிலோ வலி உண்டா என்று ஒரு வரிகூட அதில் இருக்கவில்லை. மூன்று மாதக் கட்டணம் 18,000 ரூபாயையும் ஒரே தடவையில் கேட்டார்கள். அத்துடன் காலை உணவுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கும் மா ஒரு டின் 9,500 ரூபாய். அதை வாங்காவிட்டால் பலன் கிடைக்காது என்றார்கள். டின்னில் பளபளப்பான படம் இருந்தது, கலவை விபரம் இருக்கவில்லை. பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "வட்ஸ்அப்பில் அனுப்புவோம் அன்ரி" என்றார் பயிற்றுநர். இன்றுவரை அது வரவில்லை.

வகுப்பு காலை 5.30 முதல் 7 மணிவரை கடற்கரை மணலில் நடந்தது. நாங்கள் 42 பேர், பயிற்றுநர் ஒருவர். இருபது வயதுப் பிள்ளைகளும் அறுபதைத் தாண்டியவர்களும் ஒரே வேகத்தில் குதிக்க வேண்டும். நின்று மூச்சு வாங்கினால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பார்கள். கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் காலத்தில் திருகோணமலை எப்படி இருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வகுப்பு முடிவதற்குள் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும், தண்ணீர் குடிக்க ஒரேயொரு இடைவேளைதான். நெடுநாள் உடலை அசைக்காதவர்கள் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்பதும், செய்யும்போது பேச முடிகிற அளவு மூச்சு இருக்க வேண்டும் என்பதும் எந்த வைத்தியரும் சொல்லும் அடிப்படை விடயங்கள். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைப்பதும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைத்தான். எங்களுக்கோ முதல் நாளிலேயே நூறு குந்துதல்கள்.

இரண்டாம் வாரம் புதிய கட்டளை வந்தது: வகுப்புக்கு முன்னும் வகுப்பு முடிந்து ஒரு மணித்தியாலம் வரையும் எதுவும் சாப்பிடக் கூடாது. நான் நீரிழிவுக்கு மெட்ஃபோமினோடு கிளிக்லசைட் மாத்திரையும் எடுப்பவள். கிளிக்லசைட், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் இன்சுலினைச் சுரக்கச் செய்யும். அதை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு ஓடினால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. நீரிழிவு இருப்பதாகப் பயிற்றுநரிடம் முதல் வாரமே வாயால் சொல்லியிருந்தேன். "அதுக்குத்தானே வந்திருக்கிறீங்கள்" என்றார்.

பத்தாம் நாள் காலை ஆறரை மணியளவில் கை நடுங்கியது, வியர்வை வழக்கத்திற்கு மாறாகக் குளிர்ந்து வழிந்தது, முன்னால் நின்றவரின் முதுகு இரண்டாகத் தெரிந்தது. மணலில் உட்கார்ந்துவிட்டேன். பயிற்றுநர் வந்து, உடம்பில் இருக்கும் நஞ்சு வெளியேறுகிறது, எழும்பி நடந்தால் சரியாகிவிடும் என்றார். பின்வரிசையில் நின்ற, தானும் நீரிழிவுக்காரரான ஓர் அம்மா அவரை விலக்கிவிட்டு, "பிள்ளை, வாயைத் திற" என்று தன் பையிலிருந்த சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினார். அவரே முச்சக்கரவண்டி பிடித்து வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றார். சீனி குடித்த பின்பும் அங்கு எடுத்த இரத்தச் சீனி அளவு டெசிலீற்றருக்கு 58 மில்லிகிராம். 70க்குக் கீழே போனாலே குறைவு. அந்த அம்மா அன்று வராதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

மீதிக் காசைத் திருப்பிக் கேட்டபோது, வருத்தத்தை மறைத்துச் சேர்ந்ததாக என்மேலேயே குற்றம் சாட்டினார்கள். பின்னர் வட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்திற்கு அழைத்து முறையிட்டிருக்கிறேன். கையில் பற்றுச்சீட்டு இல்லாததுதான் என் பெரிய பலவீனம். ஆகவே எந்த வகுப்பாக இருந்தாலும் முதலில் ஒரு மாதக் கட்டணத்தை மட்டும் கட்டி, அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். மாத்திரை எடுப்பவர்கள் எந்த நேரம் சாப்பிட வேண்டும், எந்த நேரம் பயிற்சி செய்யலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டுவிட்டே சேருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய புதிய விளம்பரத்தில் "ஏழு நாளில் 2.8 கிலோ" என்ற வரிக்குக் கீழே தராசில் நிற்கும் பெண் நான்தான். முதல் தடவை நிறுத்தது மாலை ஐந்து மணிக்கு, வயிறு நிறைந்திருந்தபோது, காலில் சப்பாத்தோடு. இரண்டாம் தடவை நிறுத்தது காலையில், ஒன்றரை மணித்தியாலம் வியர்த்த பிறகு, வெறுங்காலோடு. படத்தை எடுத்துவிடும்படி இரண்டு தடவை எழுதிக் கேட்டுவிட்டேன். இதை எழுதும் இந்த நேரத்திலும் அது அங்கேயே இருக்கிறது.