3,500 கிலோ மோட்டார்ஹோம்: மொத்தம் தாண்டும் முன்பே மாட்டிவிடும் பின் அச்சு

பிரிட்டனில் மோட்டார்ஹோம் வாங்கப் போகிறவர்கள் கட்டில் எங்கே, ஷவர் எவ்வளவு பெரிசு என்று பார்த்துவிட்டு, எடையைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். சில சீசன் ஓட்டிய பிறகு அந்த வரிசை தலைகீழாகிவிடும். இங்கே சொல்லப்போவது 7 மீட்டர் நீள லோ-ப்ரொஃபைல் (டிரைவர் கேபினுக்கு மேல் பெரிய புடைப்பு இல்லாத) வண்டியைப் பற்றி: ஃபியட் டுகாட்டோ சேஸி, வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 4,035 மி.மீ., இரண்டு பேர் பயணம், கோடையில் நீண்ட ஓட்டம். பூஜோ பாக்ஸர் சேஸிக்கும் இதே கணக்குதான்.

முதலில் தட்டு, அதாவது அனுமதித்த எடைகளைப் பொறித்த சிறு தகடு. பானெட்டைத் திறந்தால் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் ஃபியட்டின் தட்டு இருக்கும். வீட்டுப் பகுதியைக் கட்டிய கம்பெனி தன் பங்குக்கு இன்னொரு தட்டு ஒட்டியிருக்கும். கடைசிக் கட்டத்தில் ஒட்டியதுதான் செல்லும். அதில் நாலு எண்கள் மேலிருந்து கீழாக வரும்: வண்டியின் உச்ச எடை, டிரெய்லரோடு சேர்த்த உச்ச எடை, முன் அச்சு, பின் அச்சு. இந்த வகை வண்டியில் வழக்கமாகப் பார்ப்பது 3,500 மொத்தம், 1,850 முன், 2,000 பின். இரண்டு அச்சையும் கூட்டினால் 3,850 வருகிறதே, 350 கிலோ கூடுதலாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். மொத்தம் 3,500-க்குள் இருந்தாலும் பின் அச்சு 2,000-ஐத் தாண்டியிருந்தால் அது சட்டப்படி ஓவர்லோடுதான். நடைமுறையில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது.

பிரோஷரில் போட்டிருக்கும் சுமைத்திறனை எப்படி வாசிப்பது? "ஓட்டத்துக்குத் தயாரான எடை" என்பதில் 75 கிலோ டிரைவரும் 90 சதவீத டீசலும் சேர்ந்தே இருக்கும். தண்ணீர்தான் வில்லங்கம். 100 லிட்டர் டேங்க் இருந்தாலும், "பயண நிலை" என்று சொல்லி 20 லிட்டரை மட்டும் கணக்கில் சேர்க்கும் கம்பெனிகள் நிறைய. இதற்கு மேல் இரண்டு சங்கதிகளை விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார். ஒன்று, அறிவித்த எடையிலிருந்து நிஜ வண்டி 5 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று ஐரோப்பிய விதியே இடம் தருகிறது. இன்னொன்று, பயணிகளின் சாமானுக்கென்று கட்டாயம் மிச்சம் விடவேண்டிய எடை: ஆட்களின் எண்ணிக்கையையும் மீட்டரில் வண்டியின் நீளத்தையும் கூட்டி 10-ஆல் பெருக்கிய கிலோ. நாலு சீட், 7 மீட்டர் என்றால் 110 கிலோ. 2,960 கிலோ வண்டிக்கு 5 சதவீதம் 148 கிலோ. அதாவது, சாமானுக்கு ஒதுக்கச் சொன்ன எடையைவிடத் தொழிற்சாலைக்குக் கொடுத்த சலுகை பெரிது.

அந்த 2,960 கிலோ வண்டியையே எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் 540 கிலோ மிச்சம். 4 மீட்டர் ஆனிங் (பக்கவாட்டில் விரிக்கும் நிழல் துணி) சுமார் 30 கிலோ, இரண்டாவது ஏஜிஎம் (ஈய-அமில வகை) பேட்டரி 26, சோலார் பேனலும் ரெகுலேட்டரும் 10, சைக்கிள் ரேக் 10, டிவியும் அதன் கையும் 8. டீலர் இதையெல்லாம் மாட்டிக் கொடுக்கும்போதே 84 கிலோ போச்சு. பக்கத்து சீட்டில் ஒருவர் 75. டேங்கை நிரப்பினால் இன்னும் 80. மின் சைக்கிள் இரண்டு 50. இரண்டாவது 6 கிலோ புரோபேன் சிலிண்டர், இரும்போடு சேர்த்து 15. மேஜை, நாற்காலி, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ராம்ப், மின் கேபிள், தண்ணீர்க் குழாய் எல்லாம் 30. துணியும் படுக்கையும் 50. பாத்திரமும் சாப்பாடும் 50. ஆக மிச்சம் 106. டூல் பாக்ஸ், ஷூ, லேப்டாப், புத்தகம், மழைக்கோட்டு என்று "சின்னச் சின்ன" சாமான் 60 கிலோவுக்குக் குறைந்து நாம் பார்த்ததில்லை. ஆக 46 கிலோ. இதில் வண்டி அந்த 5 சதவீதத்தின் தப்பான பக்கம் பிறந்திருந்தால் 100 கிலோ ஓவர். இத்தனைக்கும் இரண்டு பேர்தான். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தால் இந்தக் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் மொத்த எடை மட்டும்தான். பின் அச்சின் தொல்லை வேறு ரகம். பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் எடை சீசா பலகை மாதிரி வேலை செய்யும்: பின் அச்சை அமுக்கும்போதே முன் அச்சைத் தூக்கும். கணக்கு எளிது. சாமானின் நடுப்புள்ளி பின் அச்சிலிருந்து எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அதை வீல்பேஸோடு கூட்டி, வீல்பேஸால் வகுத்து, எடையால் பெருக்க வேண்டும். ரேக்கும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ, அச்சுக்கு 2,300 மி.மீ. பின்னால் என்றால், 6,335-ஐ 4,035-ஆல் வகுத்தால் 1.57. பின் அச்சு 94 கிலோவைச் சுமக்கிறது, முன் அச்சிலிருந்து 34 கிலோ குறைகிறது. பின்பக்க கராஜில் (சாமான் அடைக்கும் பெரிய அறை) அச்சுக்கு 1,500 மி.மீ. பின்னால் தள்ளி 150 கிலோ அடைத்தால் பின் அச்சுக்கு 206. கராஜ் கதவில் "150 கிலோ வரை" என்று ஸ்டிக்கர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது அந்தத் தரை தாங்கும் அளவு மட்டுமே; அச்சுக்கு அது உத்தரவாதம் இல்லை. டுகாட்டோ முன்சக்கர இழுவை வண்டி என்பதால், முன்பக்கம் லேசாகிவிட்டால் ஈரப் புல்வெளியில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

எடை பார்க்கும் முறையில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். கல்குவாரி, பழைய இரும்புக் கடை, தானியக் கிடங்கு, குப்பை மறுசுழற்சி நிலையம் என்று பொது எடைமேடைகள் பல இடங்களில் உண்டு. முதலில் போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது, சில இடங்களில் லாரிக்கு மட்டும் என்பார்கள். வண்டி பயணத்துக்குக் கிளம்பும் நிலையிலேயே போக வேண்டும்: டீசல் முழுக்க, கேஸ் முழுக்க, நிஜமாகவே கொண்டுபோகும் அளவுக்குத் தண்ணீர், ஆட்கள் அவரவர் சீட்டில், சைக்கிள் ரேக்கில். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு அளவு, முழு வண்டிக்கு ஒன்று, முன் சக்கரங்களை இறக்கிப் பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க மூன்றாவது. தரை சமமாக இருந்தால் நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி நின்றால் அச்சு அளவில் பிசகு வரும். முன், பின் இரண்டையும் கூட்டினால் முழு எடைக்கு அருகில் வர வேண்டும். ரொம்பத் தள்ளி நின்றால் மேடைக்கும் பக்கத்துத் தரைக்கும் மட்டம் சரியில்லை என்று அர்த்தம். பல எடைமேடைகள் 20 கிலோ படியில்தான் காட்டும். ஆகவே 3,480 என்று சீட்டு வந்தால் "தப்பித்தோம்" என்று கிளம்பாமல், 3,420-க்குக் கீழே கொண்டுவருவதை இலக்காக வைப்பதே நம் பழக்கம். தேதியோடு அச்சிட்ட சீட்டு கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேடை சொல்லாதது இடது-வலது வித்தியாசம். சமையல் மேடை, ஃபிரிட்ஜ், தண்ணீர் டேங்க் மூன்றும் ஒரே பக்கம் அமைந்த வண்டிகளில் ஒரு பின் டயர் மட்டும் அதிகமாகச் சுமக்கும். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் தனி எடைப் பலகையால் இதைப் பார்க்கலாம். டயரின் சுமைக் குறியீட்டையும் கூடவே பாருங்கள்: 109 என்றால் டயருக்கு 1,030 கிலோ, 116 என்றால் 1,250. 109 போட்ட பின் அச்சில் இரண்டு டயருக்கும் சேர்த்து 2,060-தான். ஒரு பக்கம் 60 கிலோ சாய்ந்தால் அந்த டயர் எல்லைக்கு வந்துவிடும்.

மாட்டினால் என்ன? டிவிஎஸ்ஏ (வாகனங்களைச் சோதிக்கும் பிரிட்டிஷ் அரசு அமைப்பு) அதிகாரிகள் சாலையோரம் நிறுத்தி எடை போடும்போது, வரம்பைத் தாண்டியது 10 சதவீதத்துக்குள் என்றால் அபராதம் 100 பவுண்டு, 15-க்குள் 200, அதற்கு மேல் 300. 30 சதவீதம் தாண்டினால் கோர்ட். 5 சதவீதம் வரை வழக்கமாக விட்டுவிடுவார்கள். ஆனால் அது அவர்கள் தயவு, நம் உரிமை இல்லை. பணத்தைவிடப் பெரிய தலைவலி, எடையைக் குறைக்காமல் வண்டியை நகர்த்தக்கூடாது என்று போடும் தடை. ஓரமாக நின்று எதை இறக்குவது, இறக்கியதை எங்கே வைப்பது?

இனி எதைக் குறைத்தால் பலன் என்று பார்க்கலாம். தண்ணீர்தான் முதலிடம், செலவும் இல்லை. முகாம் விட்டு முகாம் போகும்போது 20–30 லிட்டர் போதும்: வழியில் டீ, கை கழுவ, டாய்லெட் ஃபிளஷ். அழுக்குத் தண்ணீர் டேங்கைக் காலி செய்யாமல் கிளம்புவதுதான் பலரும் மறப்பது. குளித்துப் பாத்திரம் கழுவிய 80 லிட்டர் எங்கும் போய்விடவில்லை, இடம் மட்டும் மாறியிருக்கிறது. அந்த டேங்க் பல வண்டிகளில் பின் அச்சுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. டாய்லெட் கேசட்டும் (கழற்றிக் காலி செய்யும் கழிவுப் பெட்டி) நிறைந்தால் 18 கிலோ. ஸ்காட்லாந்தின் வடக்கே போகும்போது மட்டும் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் நியாயம். அதற்கு ஈடாக வேறொன்றை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டும்.

லித்தியத்துக்கு மாறுவதைப் பற்றி இணையத்தில் ஏகப்பட்ட புகழ்ச்சி. இரண்டு ஏஜிஎம்-ஐ எடுத்துவிட்டு ஒரு 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்தால் 40 கிலோ குறைவது நிஜம்தான், கரன்ட்டும் தாராளமாகவே வருகிறது. ஆனால் பேட்டரி இருப்பது முன் சீட்டுக்கு அடியில், முன் அச்சிலிருந்து சுமார் ஒரு மீட்டர் பின்னால். அங்கே 40 கிலோவை எடுத்தால் பின் அச்சுக்குக் கிடைக்கும் நிவாரணம் வெறும் 10 கிலோ. பின் அச்சு மட்டும் பிரச்சினை என்றால் இந்தச் செலவு வீண். மொத்த எடை பிரச்சினை என்றால் வாங்கலாம். யூரோ 6 (புகை விதி) வண்டிகளின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டருக்கும் லித்தியம் பேட்டரிக்கும் இடையில் ஒரு பி-டு-பி (பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு) சார்ஜர் தேவைப்படும் என்பதையும், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக்கூடாது என்பதையும் பட்ஜெட் போடும்போதே நினைவில் வையுங்கள்.

கராஜைக் காலி செய்வதுதான் பின் அச்சுக்கு நிஜமான மருந்து. டூல் பாக்ஸ், டின் உணவு, குடிதண்ணீர் பாட்டில், கேபிள் எல்லாவற்றையும் முன் சீட்டுகளுக்குப் பின்னால் உள்ள தரைப்பெட்டிக்கும் சோபாவுக்கு அடியிலும் மாற்றுங்கள். பிரேக் போட்டால் பறந்து வராதபடி கட்டியிருக்க வேண்டும். கராஜில் நாற்காலி, ஆனிங் விரிப்பு, ஷூ போன்ற லேசான சாமான் மட்டும். மின் சைக்கிள்களின் பேட்டரியைக் கழற்றி முன்னால் வைத்தாலே ஐந்தாறு கிலோ நெம்புகோலிலிருந்து இறங்கிவிடும். கோடையில் ஒரு சிலிண்டர் போதும், சமையலுக்கும் வெந்நீருக்கும் அவ்வளவு கேஸ் போகாது. நம் வீட்டுச் சமையலறையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரும்பு தோசைக்கல் இருக்கட்டும், அதை யாரும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கிரைண்டரை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு மாவை ஃபிரிட்ஜில் கொண்டுபோங்கள். 10 கிலோ அரிசி மூட்டையும் வேண்டாம், அரிசி எல்லா ஊரிலும் கிடைக்கும்.

காற்றுப் பை சஸ்பென்ஷன் பற்றி ஒரு பெரிய தப்பெண்ணம் உண்டு. பின்பக்கம் தாழாமல் நிற்கும், பக்கக் காற்றில் ஆட்டம் குறையும். ஓட்டத்தில் வித்தியாசம் முதல் நாளே தெரியும். ஆனால் அதை மாட்டியதால் தட்டில் உள்ள 2,000 மாறிவிடாது. அதன் சொந்த எடையும் பின் அச்சில்தான் ஏறுகிறது. சரியான டயர், சஸ்பென்ஷன் இரண்டையும் காட்டி முறைப்படி மறுமதிப்பீடு வாங்கி, புதுத் தட்டு ஒட்டினால்தான் எண் கூடும். சில வண்டிகளில் மொத்தத்தை 3,500-லேயே வைத்துக்கொண்டு பின் அச்சை மட்டும் உயர்த்த முடிகிறது. லைசன்ஸ் சிக்கல் உள்ளவர்களுக்கு நம் கணிப்பில் அதுதான் சிறந்த வழி.

அந்தச் சிக்கல் இது. 1997 ஜனவரி 1-க்கு முன் பிரிட்டனில் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு சி1 (நடுத்தர லாரி வகை) ஓட்டுநர் உரிமை தானாகவே உண்டு, 7,500 கிலோ வரை ஓட்டலாம். பிறகு பாஸ் செய்தவர்களுக்கு 3,500-தான். அதற்கு மேல் ஓட்டத் தனி மருத்துவப் பரிசோதனையும் டெஸ்ட்டும் வேண்டும். பழைய ஆட்களும் 70 வயதில் டாக்டர் நிரப்பிய டி4 படிவம் கொடுத்தால்தான் சி1-ஐத் தக்கவைக்க முடியும். தட்டை 3,650 அல்லது 3,850 ஆக்கினால் எம்ஓடி (வருடாந்திர வாகனப் பரிசோதனை) வகுப்பு மாறாது, மோட்டார்ஹோம் எந்த எடையிலும் வகுப்பு 4-தான். வேக வரம்பும் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. காலி எடை 3,050 கிலோவைத் தாண்டுகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. கடல் தாண்டினால் கதை வேறு. ஜெர்மனியில் 3,500-க்கு மேல் ஆட்டோபானில் 100 கி.மீ. வேகம்தான், லாரிகளுக்கான முந்தத் தடைப் பலகையும் நமக்குப் பொருந்தும். ஆஸ்திரியாவில் சாலைக் கட்டண ஸ்டிக்கருக்குப் பதில் கிலோமீட்டர் கணக்கில் கழிக்கும் கோ-பாக்ஸ். சுவிட்சர்லாந்தில் 40 பிராங்க் வருட ஸ்டிக்கர் செல்லாது, கனரக வாகனக் கட்டணம். அதை நாள் கணக்கில் கட்டலாம் என்பதால் குறுக்கே கடந்து போகிறவர்களுக்கு அது பெரிய சுமை இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது, வண்டியிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, திரும்ப ஏற்றும்போது குளியலறைத் தராசில் ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்துக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். போன சீசனில் தொடாத சாமான் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் எடைமேடைச் சீட்டு கேளுங்கள். இல்லையென்றால் டெஸ்ட் டிரைவ் போகும் வழியிலேயே ஒரு மேடையில் ஏற்றுங்கள். டேங்க் காலி, சாமான் இல்லை, ஒரு ஆள் மட்டும் என்ற நிலையிலேயே பின் அச்சு 1,750 காட்டினால் உங்களுக்கு மிச்சம் 250-தான். சைக்கிளும் கராஜும் தண்ணீரும் நெம்பும் எடையை அதிலிருந்து கழித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.