ஸ்னீக்கர் க்ளீனிங் கிட்: பாட்டிலை விடுங்கள், அழிரப்பரைப் பாருங்கள்

ஸ்னீக்கர் க்ளீனிங் கிட் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது மூன்று: நுரை வரும் திரவம், ஒரு பிரஷ், மைக்ரோஃபைபர் துணி. சில கிட்டுகளில் மட்டும் சூயிட்டைத் (மேலே மெல்லிய இழை நிற்கும் தோல்) தேய்க்கும் அழிரப்பரும் சேர்ந்து வரும். வான்ஸ் ஓல்ட் ஸ்கூல் மாதிரி ஷூ வைத்திருப்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். 1977இல் வந்த அந்த மாடலில் பக்கவாட்டில் கேன்வாஸ், மூக்கிலும் குதிகாலிலும் சூயிட்.

சூயிட்டை முதலில் முடித்துவிடுங்கள், ஷூ நன்றாகக் காய்ந்திருக்கும்போதே. ஒரே திசையில் பிரஷ் போட்டுத் தூசியைத் தட்டுங்கள். உரசி உரசிப் பளபளப்பாகிவிட்ட இடத்தில் அழிரப்பரைச் சின்னச் சின்னதாக இழுத்தால் அழுக்கு துகளாக உதிரும். பிறகு முன்னும் பின்னும் பிரஷ் போட, படுத்த இழை எழுந்துகொள்ளும். இந்த வேலையை எந்தத் திரவமும் செய்யாது. எண்ணெய்க் கறை என்றால் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) தூவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் தட்டுங்கள். பித்தளைக் கம்பி பிரஷ் கொடுத்திருந்தால் இழை கட்டிப்போன இடத்துக்கு மட்டும், அதுவும் மெதுவாக. அழுத்தினால் அங்கே சூயிட் வழுக்கையாகும்.

கேன்வாஸுக்கு அந்த விலையுயர்ந்த பாட்டில் தேவையே இல்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். லேஸைக் கழற்றி, பிரஷை உதறி, நுரையை மட்டும் எடுத்துத் தேயுங்கள். கிட்டில் வரும் முரட்டு பிரஷ் சோலுக்குச் சரி, கேன்வாஸில் நூல் பிசிறிவிடும். மென்மையான பல் பிரஷ் மேல். சூயிட்டும் கேன்வாஸும் சேரும் தையல் ஓரத்தில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பு சூயிட் நனைந்தால் சாயம் இறங்கி, வெள்ளைத் துணியில் சாம்பல் கோடு விழும். அங்கே தையலில் இருந்து கேன்வாஸ் பக்கமாகவே தேயுங்கள்.

சோப்பு மிச்சம் நின்றால் காயும்போது மஞ்சள் படியும். ஈரத் துணியை அலசி அலசி, நுரை வருவது நிற்கும் வரை துடையுங்கள். பிறகு கேன்வாஸ் மேல் வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, நிழலில் ஃபேன் காற்றில் வையுங்கள். மஞ்சள் பேப்பரோடு போய்விடும். வெயிலில் வைத்தால் சூயிட் விறைக்கும். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம், சோலைச் சுற்றிய ரப்பர் பட்டையின் பசை விட்டுவிடும்.

அழிரப்பரின் முகம் கறுத்துவிட்டால் உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுங்கள். அப்படியே தேய்த்தால் பழைய அழுக்கு அடுத்த ஷூவில் ஏறும்.