ஸ்ட்ரைக் வகுப்புக்கு மனிசியையும் கூட்டிக்கொண்டு போங்கள்

கனடா போஸ்டில் வேலை செய்கிற எங்கள் ஆக்கள் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது. ரிட்டையரான தபால்காரர்கள் சிலர் சேர்ந்து யூனியன் உறுப்பினர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடத்துகிறார்கள். ஸ்ட்ரைக்கோ, நிர்வாகமே வேலைத்தலத்தைப் பூட்டி எங்களை வெளியே நிறுத்துகிற கதவடைப்போ வந்தால் என்ன செய்வது என்பதுதான் பாடம். காசு இல்லை, சனிக்கிழமை, மத்தியானம் சாப்பாடும் உண்டு (ஆறிப்போன சான்ட்விச், அதை நம்பிப் போகாதீர்கள்). நான் போனது 2025 வசந்தத்தில். அதற்குப் பிறகு மே, செப்டெம்பர், ஒக்டோபர் போராட்டங்கள் எல்லாம் பார்த்தாயிற்று, ஆகவே அங்கே சொல்லித்தந்ததில் எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று இப்போது சொல்லலாம்.

காசுப் பகுதி அருமை. ஒரு தாளைத் தந்து, மாதத்தில் எந்தத் திகதிக்கு எவ்வளவு வீட்டை விட்டு வெளியே போகிறது என்று நிரப்பச் சொன்னார்கள். நிரப்பி முடிக்கும்வரை பேச்சு ஒன்றும் இல்லை, அந்த அறையில் பேனாச் சத்தம் மட்டும்தான். அதற்குப் பிறகுதான் விசயத்துக்கு வந்தார்கள்: ஸ்ட்ரைக் என்றால் ஈஐ (வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதிக் காசு) கிடையாது, கதவடைப்பு என்றாலும் கிடையாது. "பூட்டினது அவன்தானே, அப்போ கிடைக்கும்" என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேராவது இருப்பார்கள். யூனியன் தருகிற ஸ்ட்ரைக் பே சம்பளத்துக்குக் கிட்டவும் வராது, அதற்கும் வேலைத்தல வாசலில் மறியல் செய்கிற பிக்கெட் லைனில் நின்று கையெழுத்து வைக்க வேண்டும், ஆனால் அதற்கு வருமான வரி இல்லை. மோட்கேஜ் கட்ட முடியாது என்று தெரிந்தால் தவணை தவறுவதற்கு முன்னமே வங்கிக்குப் போன் எடுங்கள், தவறிய பிறகு எடுத்தால் கதைக்கிற ஆளும் வேறு, கதைக்கிற விதமும் வேறு என்றார்கள். உண்மைதான்.

துணையையும் கூட்டி வரலாம் என்று அறிவித்தலில் இருந்தது, மனிசியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்தான் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீட்டுக் காசை எங்கே எழுதுறது?" என்று கேட்டார். படிப்பித்தவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கப்படுத்தியதும் பலகையிலேயே ஒரு வரி சேர்த்தார், அடுத்த வரியில் ஊருக்கு அனுப்புகிற காசும் ஏறியது, பின்வரிசையில் இருந்த பிலிப்பினோ அக்கா ஒருவர் அதற்குக் கை தட்டினார். வங்கியிடம் தவணை கேட்கலாம். சீட்டில், அதுவும் ஏற்கெனவே எடுத்துவிட்டவர் என்றால், யாரிடம் போய்க் கேட்பது?

பிக்கெட் லைன் பயிற்சியும் நன்றாக இருந்தது. படிப்பித்தவர் ஒரு கதிரையைக் கார் மாதிரிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பாஸ்போர்ட் வந்து சேராத ஆளாகக் கத்தினார், நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சமாளிக்க வேண்டும். காரைத் தொடாதே, முன்னால் பாயாதே, துண்டுப் பிரசுரத்தைக் கொடு, வாக்குவாதம் நீண்டால் பிக்கெட் கப்டனைக் கூப்பிடு. செப்டெம்பர் 25ஆம் திகதி, வீட்டு வாசலுக்குக் கடிதம் கொண்டுபோகிற முறையையே நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்து அன்றைக்கே நாடு முழுக்க வேலை நின்றபோது, இந்தப் பயிற்சி எனக்கு நேரடியாகவே உதவியது. அரசாங்கக் காசோலைகளை நிறுத்திவிட்டீர்களே என்று ஒரு வயதானவர் ஏசினார். முதியோர் ஓய்வூதியக் காசோலை போன்றவற்றை ஸ்ட்ரைக்கிலும் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது என்று வகுப்பில் கேட்டதை அப்படியே சொன்னேன், ஆள் கொஞ்சம் இறங்கி வந்தார்.

இனிக் குறை. வகுப்பின் பெயரிலேயே கதவடைப்பு இருக்கிறது, ஆனால் அதற்குக் கிடைத்தது சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கொட்டாவி விடுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான். இது சின்ன விசயமா? 2011 ஜூனில் யூனியன் வினிபெக்கில் தொடங்கி ஊர் ஊராகத்தான் நிறுத்திக்கொண்டு வந்தது, மாத நடுவில் நிர்வாகம் நாடு முழுக்கப் பூட்டிவிட்டது, மாதம் முடியுமுன் ஒட்டாவாவில் சட்டம் போட்டு எல்லோரையும் திரும்ப வேலைக்கு அனுப்பினார்கள். அந்தச் சட்டம் உரிமை மீறல் என்று நீதிமன்றம் சொன்னது 2016இல், அதற்குள் எத்தனை பேர் ரிட்டையராகியிருப்பார்கள். 2024 நவம்பர் 12ஆம் திகதி யூனியன் ஸ்ட்ரைக்குக்கும் நிர்வாகம் கதவடைப்புக்கும் என்று இரண்டு பக்கமும் ஒரே நாளில் 72 மணித்தியால நோட்டீஸ் கொடுத்தன. அதே 2016இல் நிர்வாகம் கதவடைப்பு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றதும் உண்டு. இவ்வளவும் இருக்க, லொக்கரில் இருக்கிற சாமானை எப்போது எடுப்பது, ஒப்புதலான லீவு என்னவாகும், மருந்தை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டுமா என்ற கேள்விகளுக்கு "உங்கள் ஷொப் ஸ்டுவர்ட்டைக் (வேலைத்தலத்தில் இருக்கிற யூனியன் பிரதிநிதி) கேளுங்கள்" என்றுதான் பதில் வந்தது. கேட்கத்தானே ஐயா அங்கே வந்தோம்?

இன்னொன்று, ஸ்ட்ரைக் என்றால் எல்லோரும் ஒரேயடியாக வெளியே வந்து நிற்பது என்ற ஒரு படம் மட்டும்தான் அவர்களிடம் இருந்தது. 2024இல் நவம்பர் 15 முதல் டிசம்பர் 17 வரை அப்படித்தான் நின்றோம், கிறிஸ்மஸ் ஓவர்டைம் முழுக்கப் போனது, கடைசியில் தொழில் அமைச்சர் தொழில் சட்டத்தின் 107ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களைத் திரும்ப வேலைக்குப் போக வைத்தார். 2025 மே 23இல் வந்ததோ ஓவர்டைம் மறுப்பு. வேலைக்குப் போகிறோம், ஸ்ட்ரைக் பே இல்லை, ஆனால் ஓவர்டைமை நம்பிக் கார் லோன் எடுத்தவன் கையில் துண்டு விழுகிறது. அப்புறம் ஒக்டோபர் 11 முதல் ஊர் மாறி ஊர் நிறுத்துகிற சுழற்சி முறை ஸ்ட்ரைக். இன்றைக்கு எங்கள் ஊரா, நாளைக்கா என்று தெரியாமல் பிள்ளையைப் பார்க்க யாரை வரச் சொல்வது? தற்காலிக ஆக்களும் சொந்தக் காரில் ரூட் ஓடுகிற கிராமப்புறத் தபால்காரர்களும் கேட்ட கேள்விகளுக்கு முழுநேரத் தபால்காரரின் பதில்தான் கிடைத்தது.

மைக் சரியில்லை, பார்க்கிங் கஷ்டம், பத்து மணி என்று போட்டுவிட்டுப் பத்தேமுக்காலுக்குத்தான் தொடங்கினார்கள். இதெல்லாம் பரவாயில்லை.

5க்கு மூன்றரை கொடுப்பேன், காசுப் பகுதிக்கு மட்டும் என்றால் முழுசும். அங்கே தருகிற கையேட்டை மட்டும் படமெடுத்து அனுப்பச் சொல்லி டிப்போவில் இரண்டொரு தம்பிமார் கேட்டார்கள். அனுப்பினேன், ஆனால் கையேட்டில் அந்தத் தாள் இல்லை, வகுப்பில் கையில்தான் தருவார்கள். அடுத்த வகுப்பு எப்போது என்று டிப்போ நோட்டீஸ் பலகையில் ஒட்டுவார்கள். போனால் உங்கள் லொக்கர், லீவு, மருந்துக் கேள்விகளை எழுதிக்கொண்டுபோய் காலையிலேயே கேளுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு விடாதீர்கள்.