ஜிம்மியின் பெயரில் போன 79,900 ரூபாய்: பணம் போடும் முன் இதை வாசியுங்கள்

எங்கள் நாய் ஜிம்மிக்கு என்று பணம் சேர்த்த ஒரு முகநூல் பக்கத்துக்காரர்கள் இன்று பின்னேரம் ஆறு மணிக்கு என்னை ப்ளொக் பண்ணினார்கள். இப்போது இரவு பதினொன்றரை. தூக்கம் வரப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 79,900 ரூபாய். அதில் 3,500 என் காசு. மிச்சம் 76,400 என் முகத்துக்காக மற்றவர்கள் போட்ட காசு. வயிறு எரிவது அந்த 76,400க்குத்தான்.

பக்கத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள், என் மேல் வழக்கும் போடுவார்களாம் (அந்த மிரட்டலும் வந்துவிட்டது). நோய்ப்பட்ட நாய் பூனைகளுக்குப் பணம் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று சொல்கிற ஒரு முகநூல் பக்கம். அவ்வளவு போதும்.

நாங்கள் மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா கொழுந்து எடுக்கிறார், நான் ஹட்டனில் ஒரு புடவைக்கடையில் வேலை. ஜிம்மி ஆறு வயதுப் பெட்டை நாய். குட்டியாகக் கொண்டுவந்த தம்பி கடுவன் என்று நினைத்து வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது. சிறுத்தை நடமாடும் எங்கள் பக்கத்தில் ஒரு நாய் ஆறு வருஷம் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். விடியற்காலையில் அம்மாவோடு மலைக்குப் போய், அம்மா நிரையில் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) திரும்பி வரும்.

போன மாதம் அதற்குப் பருவம் வந்து போனது. ஒரு மாதம் கழித்து வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. வெயிலில்லாத மழைக்காலத்தில் ஏன் இப்படிக் குடிக்கிறது என்று யோசித்தோமே தவிர, நோய் என்று தோன்றவில்லை. அப்புறம் சோறு வேண்டாம் என்றது. வயிறு உப்பியது. வாந்தி எடுத்தது. அரசாங்க மிருக வைத்தியர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கிற மாதிரி இருக்கு, கண்டிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுங்க, இன்றைக்கே” என்றார்.

நாயை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? வேன் பிடித்தோம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மழையில் ஊர்ந்து கண்டிக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தார்கள். சந்தேகப்பட்டதேதான். சீழ் வெளியே வந்துகொண்டிருந்தால்கூடக் கொஞ்சம் அவகாசம் இருக்குமாம். இதற்குக் கர்ப்பப்பையின் வாய் அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளேயே வெடித்தால் பிழைக்காது, நஞ்சு சிறுநீரகத்தையும் பிடிக்கும் என்றார் டொக்டர். கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் வழி. குட்டி போடாமல் இருக்க முன்பே ஆபரேஷன் செய்திருந்தால் இந்த நோயே வந்திருக்காது என்றும் சொன்னார். கருத்தடை முகாம் தோட்டத்துக்கு வந்த அன்று ஜிம்மியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தது நான்தான். அதை என்னத்தைச் சொல்ல.

ஆபரேஷன், மருந்து, நான்கு நாள் தங்கல் எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய். அம்மாவுக்கு இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. நாய்க்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், லயத்திலேயே கேட்டு முடித்துவிட்டார்கள். கையில் இருந்த 20,000ஐ முற்பணமாகக் கட்டினோம். கிளினிக்கைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சேலைன் ஏற்றி, மறுநாள் காலையிலேயே ஆபரேஷன் செய்தார்கள்.

ஸ்கேன் எடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு, கிளினிக் வாசலில் நின்றுகொண்டு என் முகநூலில் ஜிம்மியின் படத்தைப் போட்டு உதவி கேட்டேன். அரை மணி நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து மெசேஜ் வந்தது. அப்புறம் கோல். ஒரு ஆண் குரல். நம்ம ஆள் பேச்சு, தோட்டத்துப் பேச்சு. முதல் கேள்வி என்ன தெரியுமா?

“ஜிம்மி தண்ணியாச்சும் குடிச்சிச்சா தங்கச்சி?”

நான் அங்கேயே விழுந்துவிட்டேன். அன்று முழுக்க எல்லாரும் கேட்டது எவ்வளவு செலவு, எவ்வளவு இருக்கு என்றுதான். இந்த மனுஷன் நாயின் பெயரைச் சொல்லிக் கேட்கிறான். அழுதுவிட்டேன். “அழாதம்மா, இனி ஜிம்மி நம்ம புள்ள” என்றான். மீனைப் பிடிக்கப் புழு குத்துகிற மாதிரி, எனக்கு அந்த ஒரு கேள்வி.

சரி, அதற்குப் பிறகு அவன் சொன்னதெல்லாம் நியாயமாகவே பட்டது. என் சொந்தக் கணக்கிலக்கத்தைப் போட்டால் சனம் சந்தேகப்படும், அவர்களுடைய கணக்கைப் போட்டால் நம்பிப் போடுவார்கள். வெளிநாட்டிலிருந்து தனியாள் கணக்குக்கு அடிக்கடி பணம் வந்தால் வங்கி கேள்வி கேட்கும். பதிவுக் கட்டணம் 3,500, பிறகு திருப்பித் தருவோம். சான்றிதழையும் படம் பிடித்து அனுப்பினான். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. முழுக்கச் சிங்களம். எனக்குச் சிங்களம் பேசத் தெரியும், வாசிப்பது தட்டுத் தடுமாறித்தான். முத்திரையைப் பார்த்தேன், போதும் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுதான் கடையில் கூட வேலை செய்யும் அக்காவிடம் அதைக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். அது ஒரு வியாபாரப் பெயர்ப் பதிவு. ரீலோட் போடுவது, போன் பாகங்கள் விற்பது. நாயும் இல்லை, நலனும் இல்லை.

கணக்கு ஒரு தனியாளின் பெயரில் இருந்தது. கேட்டேன், கேட்காமல் இல்லை. “அவர்தான் பொருளாளர்” என்றான். நானும் தலையாட்டினேன்.

என் பதிவை அழித்துவிட்டு அவர்களுடைய பதிவைப் பகிரச் சொன்னார்கள், பகிர்ந்தேன். இன்னும் பாவமாகத் தெரிகிற படம் வேண்டும் என்றார்கள். சேலைன் குத்திய காலோடு எடுத்து அனுப்பினேன். அதையும் செய்தேனே என்று இப்போது கூசுகிறது. மூன்றே நாளில் 31 பேர் போட்டார்கள். ஸ்லிப்பை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியவர்களின் கணக்கு மட்டும்தான் இந்த 76,400. அனுப்பாமல் போட்டவர்கள் எத்தனை பேரோ. வத்தளையில் இருக்கும் மாமா, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் சித்தி மகள், கூடப் படித்தவர்கள். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) ஆயாவாக இருந்து ஓய்வெடுத்த பாட்டி, தம்பியிடம் 500 ரூபாயைக் கொடுத்துப் போடச் சொன்னார்.

வியாழக்கிழமை பணம் வரும் என்றார்கள். வரவில்லை. “நாளைக்குப் பௌர்ணமிப் போயா லீவு, அப்புறம் சனி ஞாயிறு, திங்கள் முதல் வேலையா போட்டுடுவோம்.” அம்மா ஒன்றும் பேசாமல் அரைப் பவுண் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். வியாழன் வங்கி மூடுவதற்குள் 75,000க்கு அடகு வைத்தேன். சனிக்கிழமை மிச்சம் 72,000ஐக் கட்டி ஜிம்மியைக் கூட்டி வந்தோம்.

போயாவாவது மண்ணாவது. வேறு வங்கிக்கு ஒன்லைனில் பணம் போட்டால் வங்கிகளுக்கிடையில் பணம் மாற்றும் சீப்ட்ஸ் முறை வழியாக உடனே போய்விடும், போயா, ஞாயிறு, நடுச்சாமம் எதுவும் கணக்கில்லை என்று வங்கிப் பிள்ளை பிறகு சொன்னது. எனக்கு வந்த ஸ்லிப்புகளிலேயே ஏழு போயா தினத்தில் போட்டவை. உள்ளே வருவதற்கு லீவு இல்லை, வெளியே போவதற்கு மட்டும் லீவு!

திங்கட்கிழமை: கிளினிக் பில்லில் முத்திரை தெளிவில்லை, மறுபடி அனுப்புங்கள். அனுப்பினேன். செவ்வாய்: கிளினிக்குக்கு நேரடியாகக் கட்டுகிறோம். கிளினிக்கில் கேட்டேன், அப்படி யாரும் பேசவில்லை. புதன்கிழமை அந்த ஆண் குரலைக் காணோம். ஒரு பெண், அட்மினாம், சாருக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றது. அன்று இரவே சார் பக்கத்தில் பூனைக்குட்டி வீடியோ போடுகிறார்.

வியாழக்கிழமை சொன்னதுதான் உச்சம். அப்படியே எழுதுகிறேன். “ஒப்பரேஷன் முடிஞ்சிருச்சுதானே சிஸ்டர்? பில்லும் நீங்களே கட்டிட்டீங்க. அப்ப உங்களுக்குத் தேவை இல்லையே. அந்தக் காசு அடுத்த நாய்க்குப் போகும், எங்க சட்டம் அது.”

அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது என்றேன். “அது உங்க குடும்ப விஷயம்.”

பொலிஸுக்குப் போனேன். முதலில் சிரிப்பு, நாய்க்கு ஒப்பரேஷனா என்று. பிறகு என்ட்ரி போட்டார்கள். பணம் போட்டவர்கள் 31 பேர், நான் போட்டது 3,500தானே, மற்றவர்கள் தனித்தனியாக வந்து முறைப்பாடு செய்ய வேண்டுமாம். குவைத்தில் இருக்கிறவள் எப்படி வருவாள்? வங்கியோ, பொலிஸ் கடிதம் இல்லாமல் அந்தக் கணக்கைப் பற்றி வாய் திறக்க மாட்டோம் என்கிறது.

காசு போனது ஒரு பக்கம். சித்தி மகள் பத்தாயிரம் போட்டிருந்தாள். நேற்று அவளுடைய வொய்ஸ் வந்தது. “அக்கா, வேற அவசரத்துக்கு எடுத்திருந்தாலும் சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.” நல்ல மனதோடுதான் சொன்னாள், அதனால்தான் தாங்க முடியவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பாட்டி கேட்டார், “ஏன் புள்ள, என் காசுல மருந்து வாங்குனியா?” வாங்கினேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழு எச்சரிக்கை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். போனில் சார்ஜ் ஒன்பது வீதம், லைட்டும் விட்டு விட்டு எரிகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பணத்தை வைத்தியசாலையின் கணக்குக்கே நேரடியாகப் போடச் சொல்லுங்கள், பில் இலக்கத்தோடு. இடையில் யாரும் வேண்டாம். உதவி செய்கிறவன் உங்களிடம் கட்டணம் கேட்டால் அந்த இடத்திலேயே போனை வையுங்கள். சிங்களத்தில் ஏதாவது தாள் வந்தால், வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் தலையாட்டாதீர்கள். ஸ்லிப், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101க்கு இன்று எடுத்தேன், நீங்களும் ஏமாந்திருந்தால் எடுங்கள். கண்டிப் பக்கம் போக முடிந்தவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையில் முதலில் கேட்டுப் பாருங்கள். அன்று இருட்டிவிட்டது என்று நாங்கள் கேட்காமலே விட்டோம்.

பணம் போட்ட 31 பேருக்கும்: ஸ்லிப் வைத்திருப்பவர்களுக்கு மாதம் கொஞ்சமாகத் திருப்பித் தருவேன். பாட்டியின் 500 முதலில்.

ஜிம்மி நன்றாக இருக்கிறது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் வாளியை வெட்டி மாட்டியிருக்கிறோம், வாசற்படியில் இடித்துக்கொண்டே திரிகிறது.

ப்ளொக் ஆன பிறகு தம்பியின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். ஜிம்மியின் படம் இன்னும் இருக்கிறது. பெயர் மட்டும் ரொக்கி, ஊர் பதுளை, “கார் அடித்துவிட்டது, அவசரம்” என்று எழுதியிருக்கிறது. கீழே அதே கணக்கிலக்கம். உங்கள் கண்ணில் பட்டால் ரிப்போர்ட் அடியுங்கள். செவலை நாய், நெஞ்சில் வெள்ளை, இடது காது நுனி மடிந்திருக்கும், பின்னால் ஒரு பச்சைக் கதவு. அது எங்கள் வீட்டுக் கதவு.