‘உங்க லினக்ஸ்தான் தப்பா காட்டுது’: புதுச்சேரியில் கம்ப்யூட்டர் வாங்கி ஏமாந்தேன்

போன மாதம் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய், புதுச்சேரியில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம், ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும்.

விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் 12 (லினக்ஸில் ஒரு வகை) போடப் போகிறேன், கேம் ஆட மாட்டேன், இன்டெல் ஐ3-12100 போதும் என்று தாளில் எழுதியே கொடுத்தேன். அந்த பிராசஸரிலேயே, திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் உண்டு. அதை இயக்கும் டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வந்துவிடும். தனி கார்டு வேண்டாம் என்று அடிக்கோடும் போட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனால், “அண்ணே, என்விடியா 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டிருக்கேன், 4 ஜிபி. செகண்ட் ஹேண்ட்தான், உங்களுக்காக 3,500” என்றார் கடைத் தம்பி. விண்டோஸில் திறந்தும் காட்டினார், பெயர் அப்படியே இருந்தது. கார்டின் பின்னால் நீல நிற விஜிஏ போர்ட் வேறு. என் பழைய மானிட்டருக்கு அந்த ஒயர்தான். சரி, இருக்கட்டும் என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் டெபியன் போட்டதும் வீடியோ திக்கியது, அவ்வப்போது திரை உறைந்தது. உள்ளே என்ன கார்டு இருக்கிறது என்று காட்டும் எல்எஸ்பிசிஐ கமாண்டை அடித்துப் பார்த்தேன். ஜிடிஎஸ் 450 என்று வந்தது. 2010-இல் வந்த கார்டு! கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜிலும் அந்தக் கார்டின் ஜிஎஃப்106 சிப்தான், மெமரி 1 ஜிபி. 1050 டிஐ 2016-இல் வந்தது. கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளில் பெயரை மாற்றி எழுதிவிட்டால் விண்டோஸ் அந்தப் பெயரைக் காட்டும், லினக்ஸ் சிப்பின் எண்ணைப் பார்க்கிறது. இந்தப் பழைய சிப்புக்கு என்விடியாவின் கடைசி டிரைவர் வரிசை 390, அதற்கான ஆதரவும் 2022-ஓடு முடிந்தது. இன்னொன்று, 1050 டிஐ சேர்ந்த என்விடியா 10 வரிசை சிப்புகளில் விஜிஏ வெளியீடே கிடையாது. நான் பார்த்து மகிழ்ந்த போர்ட்தான் முதல் சாட்சி, எனக்குத்தான் உறைக்கவில்லை.

போகட்டும், கார்டைக் கழற்றிவிட்டு பிராசஸரின் கிராபிக்ஸிலேயே ஓட்டலாம் என்று பார்த்தால் திரை கறுப்பு. கார்டைத் திரும்ப மாட்டி, பிராசஸரின் பெயரைக் காட்டும் எல்எஸ்சிபியூ கமாண்டை அடித்தால் அது சொன்னது: ஐ3-12100எஃப். அந்த எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள், விலையும் குறைவு. பில்லில் எஃப் இல்லை. எனக்காகப் போட்ட கார்டு என்றாரே, அது இல்லாமல் அந்த மெஷினில் படமே வராது!

திரும்பப் போய்க் கேட்டேன். “விண்டோஸ்ல கரெக்டா காட்டுதுல்ல? உங்க லினக்ஸ்தான் தப்பா காட்டுது” என்றார். ஒரு மணி நேரம் கத்திய பிறகு கார்டை வாங்கிக்கொண்டு 2,000 கொடுத்தார்கள். பிராசஸரின் பாக்கெட்டைப் பிரித்தாயிற்று, அதனால் மாற்ற மாட்டார்களாம். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம் என்றால், என்னிடம் இருப்பது ஜிஎஸ்டி எண்ணோ சீரியல் நம்பரோ இல்லாத துண்டுச் சீட்டு.

நீங்கள் போகும்போது டெபியன் லைவ் பென்டிரைவ் (கம்ப்யூட்டரில் பதியாமலே ஓடும் டெபியன்) ஒன்றை எடுத்துப் போங்கள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பூட் செய்து, எல்எஸ்பிசிஐ, எல்எஸ்சிபியூ இரண்டையும் அடித்துப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்கைப் புதிது என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது, ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டைப் போட்டால் அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரிந்துவிடும். (என் எஸ்எஸ்டி மட்டும் புதிதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.) பொருள் சரியில்லை, வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இப்போது நண்பர் கொடுத்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 550 கார்டில் ஓட்டுகிறேன். டிரைவர் தேடும் வேலையே இல்லை. அதில் விஜிஏ கிடையாது, 250 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன்.