வீட்ல கிட்டார் பிராக்டிஸ் ரெகார்ட் பண்ண ரீப்பர்: ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

ஆறு மாசமா தினமும் என் கிட்டார் பிராக்டிஸ ரீப்பர்லதான் ரெகார்ட் பண்றேன், அதனால ஒரு நாள் திறந்து பாத்துட்டு எழுதுற ரிவ்யூ இல்ல இது. பாட்டு ரிலீஸ் பண்ற ஐடியா எல்லாம் எனக்கு இல்ல. எட்டு பார் ரிதம் (பின்னணி கார்டுங்க) வாசிச்சு, அது மேல லீட் (மெட்டு) வாசிச்சு, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் கை எவ்வளவு மாறியிருக்குன்னு காதால கேக்கணும், அவ்வளவுதான் தேவை.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: பாட்டு கேக்கற பழைய வின்ஆம்ப் பிளேயர் ஞாபகம் இருக்குல்ல, அதை எழுதின ஜஸ்டின் ஃபிராங்கல் ஆரம்பிச்ச காக்கோஸ் கம்பெனியோட ரெகார்டிங் சாஃப்ட்வேர்தான் இந்த ரீப்பர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், டவுன்லோட் ரொம்ப சின்னது, பழைய லேப்டாப்லயும் மூச்சு வாங்காது. 60 நாள் எல்லா வசதியோடவும் ட்ரை பண்ணலாம், பிடிச்சிருந்தா லைசன்ஸ் வாங்கிடுங்க, அந்த மரியாதைக்கு தகுதியான வேலை.

இதுல எனக்கு ரொம்ப ரொம்ப பிடிச்ச விஷயம், ஆம்ப் ப்ளக்கின (கிட்டார் ஆம்ப்ளிஃபையர் சவுண்ட கம்ப்யூட்டர்லயே குடுக்கற குட்டி சாஃப்ட்வேர்) டிராக்ல போட்டு வாசிச்சாலும் ஃபைல்ல பதிவாகுறது கிட்டார்லேர்ந்து நேரா வர்ற வெறும் சவுண்டுதான், டிஸ்டார்ஷன்ங்கற அந்த கரகரப்பு எல்லாம் நம்ம காதுக்கு மட்டும். வேற சாஃப்ட்வேர்லயும் இது உண்டு, ஆனா இதோட அருமை எனக்கு இங்கதான் புரிஞ்சுது. முதல் வாரம் ஒரு பீஸ் முடிச்சுட்டு அக்காகிட்ட ஹெட்ஃபோன குடுத்தேன். முழுசா கேட்டாங்க. "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா நீ லீட் வாசிச்சேன்னு சொன்னியே, அது எங்க?"ன்னாங்க. நான் லீட் ஃபேடர (அந்த டிராக்கோட வால்யூம) தூக்கி வச்சுதான் குடுத்திருந்தேன், இருந்தும் அவங்களுக்கு கேக்கல! அன்னைக்கு ராத்திரி ஒரு நோட்டுகூட மறுபடி வாசிக்காம, ரிதம் டிராக்ல ஆம்ப் கெயின் (கரகரப்பு எவ்வளவுன்னு வைக்கற அளவு) மட்டும் 7லேர்ந்து 4க்கு இறக்கினேன். கார்ட்ல இருந்த ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனித்தனியா கேக்க ஆரம்பிச்சுது, நடுவுல லீட் தானா வெளிய வந்து நின்னுச்சு. ஆம்ப் சவுண்டோட சேத்து பதிஞ்சிருந்தா அத்தனையும் திரும்ப வாசிச்சிருக்கணும்.

காரணம் என்னன்னா, லீடும் ரிதமும் ஒரே கிட்டார், சுருதி அளவுல ரெண்டும் உக்காருற இடமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கெயின் ஏறஏற சவுண்ட் அமுங்கி ஒரே மட்டமா சுவர் மாதிரி ஆயிடும், சின்ன சத்தம் பெரிய சத்தம் வித்தியாசமே இருக்காது, அந்த சுவர் முன்னாடி லீட எவ்வளவு தூக்கினாலும் காதுதான் வலிக்கும். தனியா வாசிக்கும்போது சூப்பரா இருக்கற டோன் ரெண்டு மூணு கிட்டார் சேர்ந்தா சேறு மாதிரி ஆகுறது இதனாலதான். நான் இப்ப செய்றது: ரிதம்ல ரீஈக்யூ (எந்த ஹெர்ட்ஸ்ல சத்தம் கூடணும் குறையணும்னு மாத்தற ரீப்பரோட ப்ளக்கின்) போட்டு 90 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டிடறேன் (திறந்த லோ ஈ ஸ்ட்ரிங்கே 82 ஹெர்ட்ஸ்தான், பேஸ் கிட்டார் சேக்கப் போறீங்கன்னா இன்னும் கொஞ்சம் மேலயே வெட்டலாம்), 300 பக்கத்துல லேசா குறைக்கறேன், முக்கியமா 2 கிலோஹெர்ட்ஸ் சுத்தி அகலமா ஒரு 3 டெசிபல் பள்ளம். லீட் டிராக்ல அதே இடத்த தொடவே மாட்டேன். ரிதம் விட்டுக்குடுத்த இடத்துல லீட் வந்து உக்காந்துக்கும், ஃபேடர்ல கை வைக்கற வேலையே பாதி குறைஞ்சுடும்.

அடுத்தது பேன், அதாவது சவுண்ட இடது வலது காதுக்கு தள்றது. ஒரு ரிதம் டேக்க (ஒரு தடவ வாசிச்சு பதிஞ்சத) காப்பி பண்ணி ஒண்ண இடதுலயும் இன்னொண்ண வலதுலயும் வச்சா அகலமா கேக்கும்னு ரொம்ப நாள் நம்பியிருந்தேன், அது தப்பு, ரெண்டும் அச்சு அசல் ஒண்ணா இருந்தா நடுவுலதான் கேக்கும், சத்தம் மட்டும் கூடும். அதையே சில மில்லிசெகண்ட் தள்ளி வச்சா அகலமாத்தான் தெரியும், ஆனா ஃபோன் ஸ்பீக்கர்ல மோனோவா கேட்டா ரெண்டும் ஒண்ண ஒண்ணு தின்னு சவுண்ட் ஓட்டையாயிடும். உண்மையாவே ரெண்டு தடவ வாசிக்கணும். கஷ்டம்தான், ஆனா பிராக்டிஸ்க்கு இதைவிட நல்ல வாத்தியார் எனக்கு கிடைக்கல, பாம் மியூட் (உள்ளங்கையால ஸ்ட்ரிங்க அமுக்கி வாசிக்கறது) ஒரு டேக்ல முன்னாடி விழுந்து இன்னொரு டேக்ல பின்னாடி விழுந்தா ரெண்டு காதுலயும் டக்டக்னு தனித்தனியா அடிச்சு காட்டிக்குடுத்துடும்.

லூப் போட்டு ரெகார்ட் பட்டன அழுத்திட்டா ஒவ்வொரு சுத்தும் தனி டேக்கா சேர்ந்துக்கிட்டே போகும். 2023ல வந்த 7ஆவது வெர்ஷன்லேர்ந்து டேக்க எல்லாம் லேன் லேனா அடுக்கி, நல்ல பகுதிய மட்டும் மவுஸால இழுத்து ஒட்டிக்கவும் முடியும். வசதி அருமை, ஆனா பிராக்டிஸ் பீஸ்க்கு நான் அதை தொடறதில்ல. எட்டு டேக்லேர்ந்து பொறுக்கி ஒட்டினது நல்லாத்தான் இருக்கும், ஆனா அதை என் கை வாசிக்கலையே. முழுசா ஒரே டேக்ல வர்ற வரைக்கும் வாசிப்பேன், எத்தனையாவது சுத்துல வந்துச்சுன்னு பேர்லயே எழுதி வச்சுடுவேன்.

பெண்ட் (ஸ்ட்ரிங்க வளைச்சு சுருதிய ஏத்தறது) விஷயம் கட்டாயம் சொல்லணும். பி ஸ்ட்ரிங் எட்டாவது ஃப்ரெட்ல ஜி, அதை முழு டோன் பெண்ட் பண்ணா ஏல போய் நிக்கணும். நான் வருஷக்கணக்கா சரியா பண்றேன்னுதான் நினைச்சேன். லீட் டிராக்ல, ரீப்பரோட கூடவே வர்ற ரீட்யூன (சுருதிய காட்டற ப்ளக்கின) போட்டு ஓட்டினா ஏக்கு கொஞ்சம் கீழயே நின்னுட்டு, அங்கயே வைப்ராட்டோ பண்ணிட்டிருக்கேன். நிறைய கெயினும் டிலேவும் (எதிரொலி) இருக்கும்போது அது காதுக்கு சிக்கவே இல்ல, ஆம்ப ஆஃப் பண்ணி வெறும் சவுண்ட கேட்டப்பதான் பளிச்னு தெரிஞ்சுது. பிளேரேட்ட (ஓடுற வேகத்த) 70 சதவீதத்துக்கு இறக்கி, சுருதி மாறாம இருக்கற ஆப்ஷன டிக் பண்ணிட்டு ரிதம் மேல மெதுவா வாசிச்சு வாசிச்சு ரெண்டு வாரத்துல அதை சரி பண்ணேன்.

குறைன்னா, முதல் நாள் மெனுவ பாத்தா மிரட்டும், எதுக்கு இவ்வளவு ஆப்ஷன்னு தோணும், ஒரு வாரம் பொறுமை வேணும். அப்புறம் இன்ஸ்டால் பண்ணவுடனே ராக் டோன் வேணும்னு எதிர்பாக்காதீங்க, ஆம்ப நாமளே தேடி போடணும். நான் இலவசமா கிடைக்கற நியூரல் ஆம்ப் மாடலர்ங்கற ப்ளக்கின் போட்டிருக்கேன், அதுல வெறும் ஆம்ப் ஹெட் மாடல லோட் பண்ணா அது பின்னாடி கேபினட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியோட சவுண்ட் குணத்த பதிஞ்ச ஃபைல்) ஒண்ணு வேணும், ரீப்பரோட ரீவெர்ப் ப்ளக்கின்லயே அதை லோட் பண்ணிக்கலாம். கேபினட் இல்லாத டிஸ்டார்ஷன் காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கும், நிறைய பேர் அதை கேட்டுட்டுதான் ஆம்ப் ப்ளக்கினே வேஸ்ட்னு சொல்லிடறாங்க.

இன்டர்ஃபேஸ் (கிட்டார கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி) பத்தியும் கொஞ்சம். என்னோடது சாதாரண ரெண்டு இன்புட் பெட்டி. அதுல இன்ஸ்ட்ருமென்ட் ஸ்விட்ச அழுத்தாம லைன்ல வாசிச்சா பிக்கப்போட ஹை எல்லாம் செத்து கம்பளி போர்த்தின மாதிரி ஆயிடும், அதை முதல்ல பாருங்க. டைரக்ட் மானிட்டர் (கம்ப்யூட்டருக்கு போகாம பெட்டிலேர்ந்தே நேரா கேக்கறது) ஆன்ல இருந்தா வெறும் கிட்டாரும் ஆம்ப் சவுண்டும் சேந்தே கேக்கும், ஆஃப் பண்ணிடுங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல 128 பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கற சாம்பிள் அளவு) வச்சா அந்த பஃபரால வர்ற தாமதம் 3 மில்லிசெகண்ட்கூட இல்ல, போறதுக்கு வர்றதுக்கு எல்லாம் சேத்தாலும் விரலுக்கு தெரியல. 64க்கு இறக்கினா என் பெட்டியோட டிரைவர் பட்பட்னு வெடிக்குது, விட்டுட்டேன். லெவல் பீக் மைனஸ் 10 டெசிபல் பக்கத்துல இருந்தா போதும், 24 பிட்ல சிவப்பு வரைக்கும் தள்ள வேண்டிய அவசியமே இல்ல.

பேலன்ஸ் பாக்க ஒரு வழி: வால்யூம ரொம்ப சின்னதா வச்சு கேளுங்க. சத்தம் குறைஞ்சா நம்ம காது லோவயும் ஹையயும் மிட்ட விட அதிகமா தவறவிடும், ஃபிளெச்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே அளந்து எழுதின விஷயம். அதனால சத்தமா வச்சு கேக்கும்போது பேஸும் பளபளப்பும் மயக்கிடும், சின்ன வால்யூம்ல மிட் மட்டும் மிஞ்சும், லீட் மெட்டு அப்பவும் தெளிவா கேட்டுச்சுன்னா பேலன்ஸ் சரி. கேக்கலன்னா நான் மொதல்ல கை வைக்கறது ரிதம் கெயின்ல, லீட் ஃபேடர்ல இல்ல.

கடைசியா டெம்ப்ளேட். ரெண்டு ரிதம் டிராக், ஒரு லீட், மெட்ரோனோம், ஈக்யூ, ஆம்ப் எல்லாம் செட் பண்ணி ப்ராஜெக்ட் டெம்ப்ளேட்டா சேவ் பண்ணிட்டேன். இப்ப கிட்டார எடுத்து ஸ்ட்ராப் மாட்டி ரெகார்ட் அழுத்த ஒரு நிமிஷம்கூட ஆகறதில்ல. அது பத்து நிமிஷமா இருந்தப்ப பாதி நாள் ரெகார்ட் பண்ணாமலே கிட்டார வச்சிருக்கேன்.