கெகல் பயிற்சி: தனியாகச் செய்வதா, பிசியோதெரபிஸ்ட் துணையோடு செய்வதா?

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குச் சிறுநீர்க் கசிவு வந்தது. இருமினால், தும்மினால், குழந்தையைச் சட்டென்று தூக்கினால் கசியும். கொஞ்ச நாள் பேட் வைத்துச் சமாளித்தேன். அப்புறம் போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு, இடுப்புத் தளத் தசைகளை இறுக்கி விடும் கெகல் பயிற்சியை மூன்று மாதம் செய்தேன். அதில் பலன் தெரியாமல்தான், இந்தத் தசைகளுக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். இரண்டு வழியிலும் செய்து பார்த்துவிட்டேன். வாய்ப்பு இருந்தால் முதலிலேயே பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

முன்பக்கப் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தொட்டில் மாதிரி விரிந்திருக்கும் தசைகள்தான் இடுப்புத் தளம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அடியில் தாங்குவது அதுதான். கர்ப்பம், பிரசவம், மாதவிடாய் நின்ற பிறகான மாற்றங்கள், நாள்பட்ட இருமல், மலச்சிக்கலோடு முக்குவது எல்லாம் அதைத் தளர்த்தும்.

தனியாகச் செய்வதில் உள்ள வசதி எல்லோருக்கும் தெரிந்ததே: யாரிடமும் சொல்ல வேண்டாம், எங்கேயும் போக வேண்டாம், செலவும் இல்லை. செயலி நேரத்துக்கு ஞாபகப்படுத்தும். நான் ஒரு நாள்கூட விடவில்லை.

பிசியோதெரபிஸ்ட் முதல் சந்திப்பில் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, கையுறை அணிந்த விரலை உள்ளே வைத்து, "இப்ப இறுக்குங்கம்மா" என்றார். மூன்று மாதம் பழகியதை அப்படியே செய்தேன். "இழுக்கலம்மா, முக்குறீங்க" என்றார்.

மேலே இழுக்க வேண்டிய தசையை மூன்று மாதமாகக் கீழே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் கீழே இறங்குகிறது. ஏற்கெனவே தளர்ந்த தளத்துக்கு அது கூடுதல் சுமை. செய்பவருக்கோ 'ஏதோ இறுகுகிறது' என்று மட்டும்தான் தெரியும். இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 1991இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சுருக்கமாக விளக்கிவிட்டுச் சோதித்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர், கசிவை இன்னும் கூட்டிவிடக்கூடிய விதத்தில் செய்தார்கள்.

இந்தப் பயிற்சியைப் பரப்பிய அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல், 1948இல் அதைப் பற்றி எழுதியபோதே பெரினியோமீட்டர் என்ற கருவியையும் சேர்த்துத்தான் சொன்னார். தசை எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்பதைச் செய்யும் பெண்ணே பார்த்துத் தெரிந்துகொள்ளும் கருவி அது. நாளடைவில் 'இறுக்கு, விடு' மட்டும் ஊரெல்லாம் பரவியது, சரிபார்ப்பது விட்டுப்போனது. தனியாகச் செய்வதில் எனக்குள்ள முக்கிய ஆட்சேபம் இதுதான்.

சரியான பிடி எப்படி இருக்கும்? வாயு பிரியாமல் அடக்குவது போலப் பின்னால் தொடங்கி, சிறுநீரை அடக்குவது போல முன்னால் வரை வந்து, உள்ளே மேலே ஏறும். தொடையும் பிட்டமும் இறுகாது, மூச்சு சாதாரணமாக ஓடும். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே விரலை வைத்துப் பாருங்கள். இழுக்கும்போது அந்த இடம் விரலை விட்டு உள்ளே போக வேண்டும். விரலை நோக்கிப் புடைத்தால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

இன்னொன்றும் உண்டு. சிலருக்கு இந்தத் தசை தளர்ந்திருக்காது, எப்போதும் இறுகியே இருக்கும். உறவின்போது வலி, சிறுநீர் உடனே வராமல் தயங்குவது, மலம் கழிக்கச் சிரமம் போன்றவை அதனாலும் வரலாம். இவர்கள் முதலில் தளர்த்தப் பழக வேண்டும். மேலும் மேலும் இறுக்கினால் தொல்லைதான் கூடும். நான் வைத்திருந்த செயலி இதையெல்லாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பாடம்.

தினம் 3 வேளை, வேளைக்குக் குறைந்தது 8 முறை, குறைந்தது 3 மாதம், மேற்பார்வையோடு என்பது இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு தரும் வழிகாட்டுதல். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தேன். முதலில் படுத்துக்கொண்டு 3 விநாடிப் பிடி, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. முதலில் பலன் தெரிந்தது இருமல் வரும் கணத்தில் முந்திக்கொண்டு பிடிக்கும் பழக்கத்தில்தான். மூன்றாம் மாத முடிவில் பேட் இல்லாமல் வெளியே போனேன். குதித்தால் இன்னும் துளி கசியும், அதை மறைக்கவில்லை.

தசை இறுகுவதைத் திரையில் காட்டும், உள்ளே வைக்கும் பயோஃபீட்பேக் கருவி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2020இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 600 பெண்களை இரண்டு ஆண்டு கவனித்தார்கள். மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களுக்கு அந்தக் கருவியால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆகவே கருவியை இரண்டாம்பட்சமாகத்தான் வைப்பேன்.

கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களுக்குப் பெசரி உண்டு, பிறப்புறுப்புக்குள் வைத்து இறங்கியதைத் தாங்கும் சாதனம். என் அக்கா சிலிக்கான் வளையம் வைத்திருக்கிறார், அவரே எடுத்துக் கழுவித் திரும்ப வைக்கிறார். அடியில் ஏதோ இறங்கி நிற்கும் உணர்வு அன்றைக்கே குறைந்தது என்றார். பயிற்சியில் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. எனக்கு இறக்கம் இல்லாததால், பக்கத்திலிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் என் கட்சிக்கு எதிரான கணக்கையும் சொல்லிவிட வேண்டும். நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் மிதமான, கடுமையான கசிவுள்ள 460 பெண்கள் இருந்தார்கள். சிறுநீர்க் குழாயை அடியிலிருந்து ஒரு பட்டையால் தாங்கும் ஸ்லிங் அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் சுமார் 91 சதவீதம் பேர் ஓராண்டில் முன்னேற்றம் கண்டார்கள்; பிசியோதெரபியில் 64 சதவீதம். பிசியோதெரபியில் தொடங்கியவர்களில் பாதிப் பேர் பிறகு அறுவை சிகிச்சைக்கே மாறினார்கள். கசிவு கடுமையாக இருந்தால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள், மெஷ் எனும் செயற்கை வலை வைப்பதானால் அதன் அபாயங்களையும் விவரமாகக் கேளுங்கள். இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் மெஷ்ஷின் விற்பனையை 2019இல் அமெரிக்காவில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அடக்க முடியாத அவசரம் வந்து கழிப்பறை போவதற்குள் கசிவது வேறு வகை. அதற்குக் குறைந்தது 6 வாரமாவது சிறுநீர்ப்பையைப் பழக்கும் பயிற்சி வேண்டும். எரிச்சலோ சிறுநீரில் ரத்தமோ இருந்தால் எந்தப் பயிற்சிக்கும் முன்னால் மருத்துவர்.

நான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டது உள்பரிசோதனைக்குக் கூச்சப்பட்டுத்தான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்தும் தசை மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா என்று பார்க்க முடியும். தொடர்ந்து போய்வர வழியில்லாதவர்கள் அந்த ஒரு சந்திப்புக்காவது போய்வந்து, மிச்சத்தை வீட்டிலேயே செய்யலாம்.